மாடு இல்லாத படம்

ஏனுங்க, இந்த மூலை உங்க முழங்காலை இடிக்குதுங்களா? இடிச்சாச் சொல்லிருங்க. நான் பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேன், அப்புறம் இறங்கற வரைக்கும் நீங்க பல்லைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கணும். இப்படிக் கொஞ்சம் சாய்ச்சு வெச்சுக்கலாம். அவ்வளவுதான். பயப்படாதீங்க, கண்ணாடி இல்லை. சட்டமும் படமும்தான்.

பார்த்தீங்களா அந்தக் கண்டக்டரை? ஈரோட்டுல ஏறினப்பவே சொல்லிட்டேன், இது லக்கேஜ் இல்லைய்யா, போட்டோ, என் மூஞ்சிதான் இருக்குது இதுல, என் மூஞ்சிக்கு நான் எதுக்குத் தனியா டிக்கெட் எடுக்கணும்னு. பஸ்ஸே சிரிச்சுது. அவன் சிரிக்கலை. பெருந்துறை வரைக்கும் விடலையே நான். அப்புறம் பார்த்தேன், பாவம், செக்கிங் வந்தா அவன் வேலைக்கு வேட்டு வெச்சிருவாங்க, சரி கிழிச்சுக் குடு போன்னு வாங்கிட்டேன். தோத்துப்போய் வாங்கலைங்க. மனசு வந்து வாங்கினேன். அது வேற, இது வேற.

நீங்க காந்திபுரம் வரைக்குங்களா? நானும் அங்கதான். அங்க ஒரு ஹால்ல போட்டோக் கண்காட்சி நடக்குது, இன்னியோட கடைசி. எடுத்த பொண்ணைப் பார்த்து, இந்தா உன் படம், சுவத்துல மாட்டியிருக்கறதையும் கழட்டுன்னு சொல்லிட்டு அடுத்த பஸ்ஸைப் புடிக்க வேண்டியதுதான். வேற ஒரு சோலியும் இல்லை எனக்கு.

ஹோப் காலேஜ் எப்ப வருமுங்க? இல்லை, சும்மா கேட்டேன்.

நான் மாட்டுத் தரகு பண்றவனுங்க. காரைப்பாளையம் வியாழக்கிழமைச் சந்தையில வந்து சென்னியப்பன்னு கேட்டா, எந்தச் சென்னியப்பன்னு திருப்பிக் கேட்பாங்க. கல்லுமூஞ்சின்னு கேளுங்க. கையைப் புடிச்சுக் கூட்டிட்டு வந்து என் முன்னால நிறுத்துவாங்க. அந்தப் பேர் எனக்குச் சும்மா வரலை.

எங்க வியாபாரம் வாயில நடக்கறது இல்லீங்க. துண்டுக்குள்ள நடக்குது. விக்கிறவன் கையும் என் கையும் ஒரு துண்டுக்கு அடியில போயிரும். நான் எந்த விரலைப் புடிக்கிறேன், எத்தனை விரலைப் புடிக்கிறேன், அதுதான் விலை. சுத்தி நூறு பேர் நிப்பான், ஒருத்தனுக்கும் தெரியாது. தெரியாததால என்ன பண்ணுவான்? மூஞ்சியைப் பார்ப்பான். புருவம் ஏறுதா, எச்சி முழுங்கறானா, உதடு இழுக்குதான்னு பார்ப்பான். மத்தவன் மூஞ்சியெல்லாம் சினிமாப் போஸ்டர் மாதிரி, தூரத்துல இருந்தே கதை தெரிஞ்சிரும். என் மூஞ்சில ஒண்ணும் கிடைக்காது. முப்பது வருசமா ஒருத்தனுக்கும் கிடைச்சதில்லை.

துண்டுக்குள்ள கையை இறுக்கிக் குடுத்துட்டா முடிஞ்சுது. அப்புறம் வெளிய வந்து மாத்திப் பேசினவன் கையை எவனும் தொட மாட்டான். அப்படி ஒருத்தர் இருந்தார் எங்க சந்தையில, பேர் வேண்டாம், இப்ப பஸ் ஸ்டாண்டுல வேர்க்கடலை விக்கறார். இதுக்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. வாங்கினவன் புதுக்கயிறு போட்டு ஓட்டிட்டுப் போகும்போது, சந்தை வாசல்ல மாடு படுத்துக்கிட்டா வியாபாரம் ரத்து. ஏன்னு இவனும் கேட்கக் கூடாது, அவனும் கேட்கக் கூடாது. புதுக்கயிறை அவுத்துட்டுப் பழைய கயிறைப் போட்டு, ஒரு டீயைக் குடிச்சுட்டு அவனவன் ஊரைப் பார்த்துப் போயிரணும். அதுல யாருக்கும் வாக்குத் தவறினதா அர்த்தம் இல்லை. மாடு முடிவு பண்ணின விஷயம் அது.

எனக்கு இது நல்லாத் தெரியும். பத்தொன்பது வயசுல முதமுதல்ல ஒரு மயிலைக்காளை வாங்கினேன். அதுக்கு முன்ன எச்சில் தட்டுக் கழுவினேன், லாரிக்கு லோடு ஏத்தினேன், அடி வாங்காத நாள் கம்மி. சேர்த்து வெச்சது அத்தனையும் அந்தக் காளைதான். அது வாசல்ல வந்து படுத்துக்கிச்சு. வித்தவர் நல்ல மனுசன், விட்டுருப்பா, வழக்கம் அதுதானேன்னார். நான் விடுவேனா? வாலை முறுக்கி, கடிச்சு, எழுப்பி இழுத்துக்கிட்டு வாசலைத் தாண்டிட்டேன். மூணு மைல் நடந்துச்சு. வாய்க்கால் பாலத்துக்கிட்ட மறுபடி படுத்துச்சு. அப்புறம் எந்திரிக்கலை. பக்கத்துலயே உட்கார்ந்திருந்தேன். போறவன் வர்றவனெல்லாம் என்னாச்சுன்னு என் மூஞ்சியைப் பார்த்தான், ஒருத்தனுக்கும் நான் பதிலைக் காட்டலை. அன்னிக்குக் கல்லான மூஞ்சிதான் இது. மூஞ்சியைக் காட்டாதேங்கறதுதான் அந்தக் காளை எனக்குச் சொல்லிக் குடுத்தது. அதுல வேற பாடம் ஒண்ணும் இல்லீங்க.

சரி, அந்தப் போட்டோப் பொண்ணு கதைக்கு வர்றேன்.

பேரு ஹெலன். போன மாசி மாசத்துல ஒரு வியாழக்கிழமை ஸ்கூட்டர்ல வந்து இறங்குச்சு. முப்பது வயசு இருக்கும். கழுத்துல கேமரா. சந்தைக்குப் படம் எடுக்க எத்தனையோ பேர் வருவாங்க, கொம்பைப் புடிச்சு ஒரு படம், இளநி குடிச்சுட்டு ஒரு படம், போயிருவாங்க. இந்தப் பொண்ணு போகலை. ஆளுங்களை அவங்க புழங்கற இடத்தோட சேர்த்து எடுக்கணும்னுச்சு. கயிறு விக்கிற பொங்கியண்ணனைக் கயித்து மலைக்கு நடுவுல உட்கார வெச்சு எடுத்துச்சு. டீக்கடை அம்மாவை, பின்னாடி புகை புடிச்ச சுவரும் அதுல ஒட்டியிருக்கற கல்யாணப் பத்திரிகைங்களுமா எடுத்துச்சு. அப்புறம் என்கிட்ட வந்துச்சு.

நான் சொன்னேன், எடு, ஆனா நாளைக்கு எடு, ஷேவிங் பண்ணிட்டுப் பட்டு வேட்டியில வர்றேன், பின்னாடி ஒரு நீலத்துணி கட்டிக்கலாம், இந்தச் சாணியும் மூத்திரமும் எதுக்குன்னேன்.

"ஆளை மட்டும் எடுத்தா அது ஆதார் அட்டைங்கய்யா"ன்னுச்சு அந்தப் பொண்ணு. "நீங்க நிக்கிற மண்ணோட எடுத்தாத்தான் நீங்க."

எனக்குச் சுர்ருன்னு வந்துச்சு. சாணியில நிக்கிறவன்னு சொல்றியான்னு கத்தினேன். பக்கத்துல நின்ன எருமை மிரண்டு கயித்தை அத்துக்கிட்டு ஓடிருச்சு. அந்தப் பொண்ணு அசையலை. நானும் எத்தனையோ பேரை மிரட்டியிருக்கேன், அசையாதவங்களைப் பார்த்தா எனக்கு ஒரு இது. சரி, பேசி முடிப்போம்னு உட்கார்ந்தேன். துண்டுக்குள்ள எட்டிப் பார்க்கக் கூடாதுன்னேன். சரிங்கய்யான்னுச்சு. மூஞ்சியை எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கோ, அங்க ஒண்ணும் கிடைக்காதுன்னேன். அதுக்கும் சரிங்கய்யா. எடுத்ததுல நல்லதா ஒண்ணைப் பெருசாக்கிச் சட்டம் போட்டு, கண்ணாடி போட்டு எனக்குக் குடுக்கணும்னேன். கண்ணாடி போட்டா வெளிச்சம் அடிக்கும், போட மாட்டேன்னுச்சு. ரொம்ப நேரம் நடந்துச்சு அந்தக் கண்ணாடிப் பேச்சு. அப்புறம், பொழைச்சுப் போன்னு விட்டேன்.

வாரா வாரம் வந்துச்சுங்க. வெயிலோ மழையோ, வியாழன்னா ஸ்கூட்டர் வந்துரும். அது படம் எடுக்கற விதமே தனி. நேரா நின்னு எடுக்காது. தரையில குத்த வெச்சு, சில சமயம் மண்ணுல படுத்தே எடுக்கும். ஆள் மேல இருக்கேன், கீழ என்னம்மா தேடறே, காசு கீசு விழுந்துருச்சான்னு நக்கல் பண்ணுவேன். சிரிக்கும். நான் நக்கல் பண்ணினதுக்குச் சிரிக்குதுன்னு நெனச்சேன்.

ஐப்பசியில ஒரு நாள் எல்லாப் படத்தையும் கொண்டாந்து டீக்கடைச் சுவத்தோரமாக் கயிறு கட்டி, துணி காயப்போடற மாதிரி கிளிப் போட்டு மாட்டிருச்சு. எடுக்க விட்டவங்க முதல்ல பார்க்கணுமாம். நியாயந்தானேன்னேன். சந்தையே கூடிருச்சு. பொங்கியண்ணன் தன் படத்தைப் பார்த்து அழுதுட்டார், இத்தனை கயிறா திரிச்சிருக்கேன்னு. என் படம் மட்டும் பதினொண்ணு. ஒவ்வொண்ணுலயும் மூஞ்சி கல்லு. அப்பாடான்னு இருந்துச்சு. பெருமையாக்கூட இருந்துச்சு, எதுக்குப் பொய்?

அடுத்த வாரத்துல இருந்து என் சந்தை செத்துப்போச்சு.

என்ன நடக்குதுன்னே புரியலைங்க. துண்டைப் போடுவேன், விரலைப் புடிப்பேன், எதிர்ல இருக்கறவன் பேசாம நிப்பான். முன்னெல்லாம் பதறுவான், கையை உதறுவான், குலதெய்வத்தை இழுப்பான். இப்ப ஒண்ணுமில்லை. என் மூஞ்சியைக்கூடப் பார்க்கறதில்லை. தலையைத் தொங்கப் போட்டுட்டு, பாவப்பட்ட மாதிரி நிப்பான். நின்னுட்டே இருப்பான். ஒரு நேரம் வந்ததும் திடீர்னு தலையைத் தூக்கி, இவ்வளவுன்னாத் தர்றேன்னு மேல போட்டு ஒரு போடு போடுவான். நானும் குடுத்துருவேன். மூணு வாரம். ஒரு ஜோடிகூட என் விலைக்கு முடியலை. எனக்கு எவனோ செய்வினை வெச்சுட்டான்னே நெனச்சேன்.

பொங்கியண்ணன்தான் பொறுக்காம வந்து காதுல சொன்னார். "சென்னி, உன் மூஞ்சி கல்லுதாம்ப்பா. கீழ பாரு."

டீக்கடையில இன்னும் தொங்கிட்டிருந்த படங்களைப் போய்ப் பார்த்தேன். இந்தத் தடவை மூஞ்சியைப் பார்க்கலை. பதினொரு படத்துல எட்டுல என் வலது கால் செருப்புக்கு வெளிய இருக்குது. செருப்பு ஒரு பக்கம் அனாதையாக் கிடக்குது, கால் வெறும் மண்ணுல, விரலையெல்லாம் விரிச்சுக்கிட்டு. அந்த எட்டும் நான் இறங்கிக் குடுத்த வியாபாரம். மீதி மூணு நான் முடியாதுன்னு துண்டை உதறினது, அதுல ரெண்டு காலும் செருப்புக்குள்ள இருக்குது. மேல துண்டைப் போட்டு மூடி, மூஞ்சியைக் கல்லாக்கி, முப்பது வருசம் கட்டிக் காத்தேன். என் கால் கீழ நின்னுக்கிட்டு அத்தனையும் காட்டிக் குடுத்திருக்குது. மனசு இறங்கற வினாடி கால் வெளிய வந்துருது. எனக்கே தெரியாம.

நீங்களே சொல்லுங்க, இது துரோகமா இல்லையா? அந்தப் பொண்ணுக்குப் போன் போட்டு வாய்க்கு வந்தபடி பேசினேன். அது சொல்லுச்சு, துண்டுக்குள்ள பார்க்கலைங்கய்யா, மூஞ்சி உங்களோடது, மண்ணை மட்டும் விட்டுக் குடுத்தீங்கன்னு. பேச்சுல என்னையே மிஞ்சுது.

அப்புறம் ஷூ வாங்கினேன். சிரிங்க, சிரிங்க. கயிறு கட்டற ஷூ. மாட்டுச் சந்தையில ஷூ போட்டு நின்ன முதல் தரகன் நான்தான். வழுக்கி விழுந்தது ரெண்டு தடவை. குதிகால் உள்ளயே துடிக்குது, வெளிய வரணும்னு. உங்க ஷூ பளபளன்னு இருக்குதுங்களே, எப்படிங்க நாள் பூரா போட்டுக்கிட்டு இருக்கீங்க? எனக்கு அதைப் போட்டா பேச்சே வர்றதில்லை. முடியாதுன்னு மட்டும்தான் வருது. அதனால இப்ப எனக்கு மாடும் கிடைக்கறதில்லை.

இது அவிநாசிங்களா? இன்னும் நேரம் இருக்குது.

வீட்டுல வந்து சொல்லிப் பொலம்பினேன். எங்க வீட்டுக்காரி பாவாயி அவரைக்காய் உரிச்சுட்டு இருந்தா. நிமிர்ந்துகூடப் பார்க்கலை.

"இருபத்தாறு வருசமா அதைப் பார்த்துத்தானுங்க நான் குடும்பம் நடத்தறேன்"னா.

பாருங்க. கிணத்துல மோட்டார் வெச்சது, ஓட்டுக்கூரையைப் பிரிச்சுட்டுத் தார்சு போட்டது, அவ தம்பிக்கு உதவினது, பொண்ணைக் கோயமுத்தூருக்குப் படிக்க அனுப்பினது. எல்லாம் நான் யோசிச்சு முடிவு பண்ணினதுன்னு நெனச்சுட்டு இருக்கேன். நான் கத்துவேன், அவ பேசாம இருப்பா. நம்ம சத்தத்துக்கு அடங்கிட்டான்னு நெனப்பேன். அவ கால் வெளிய வர்றதுக்காகக் காத்துக்கிட்டு இருந்திருக்கா. வந்ததும், சரி அப்ப நாளைக்கே ஆளை வரச் சொல்லிரலாங்களான்னு கேட்பா. நானும் பெரிய மனசு பண்ணி ஆகட்டும்னுவேன். போகட்டும், பொம்பளை, ஏதோ சொல்றா. அந்த வீட்டுல முடிவு பண்றது இன்னிக்கும் நான்தான்.

பொண்ணுன்னு சொன்னேனில்லீங்க. ஒரே பொண்ணு. கோகிலா. கோயமுத்தூர்ல ஒரு லேப்ல வேலை, ரத்தம் டெஸ்ட் பண்றது. ஹோப் காலேஜ் பக்கம் ஹாஸ்டல்ல இருக்குது. சனிக்கிழமையானா ஊருக்கு வந்துரும். வந்துட்டு இருந்துச்சு. வைகாசியில இருந்து வரலை.

வரலைன்னா, நான்தான் வர வேண்டாம்னுட்டேன்.

எங்க சந்தையில வேலாயுதம்னு ஒரு தரகர். பெரிய கை. நான் ஒரு ஜோடி முடிக்கறதுக்குள்ள அவர் பத்து ஜோடி லாரி ஏத்திருவார். ஒரு காலத்துல அவர் மாட்டுக்குத் தண்ணி காட்டினவன் நான். அவர் பையனுக்குக் கோகிலாவைக் கேட்டார். எனக்குத் தலைகால் புரியலைங்க, எச்சில் தட்டுக் கழுவினவன் பொண்ணை அவர் வீட்டுக்குக் கேட்கறார்னு. சந்தை கலையற நேரம். நகை எவ்வளவுங்கற பேச்சு வந்துச்சு. சுத்தி நாலு பேர் நிக்கறான், அவன் காதுல எதுக்கு விழணும், நம்ம பாஷையிலயே பேசிக்கலாம் சம்மந்தின்னு சிரிச்சுக்கிட்டே துண்டை எடுத்துக் கை மேல போட்டார். நானும் சிரிச்சுக்கிட்டே கையைக் குடுத்தேன். அவர் விரலைப் புடிச்சார், நான் மடக்கினேன், அவர் மறுபடி புடிச்சார். கடைசியில நான் இறங்கி, இறுக்கிக் குடுத்துட்டேன். முடிஞ்சுது.

சனிக்கிழமை கோகிலா வந்துச்சு, சொன்னேன். எனக்கு இஷ்டமில்லைங்கப்பான்னுச்சு. யாரையாவது மனசுல வெச்சிருக்கியான்னு கேட்டேன். இல்லை, அந்தப் பையனைப் புடிக்கலை, அவ்வளவுதான்னுச்சு. நான் கத்தின கத்துல அக்கம்பக்கம் எட்டிப் பார்த்துச்சு. அது எதிர்த்து ஒரு வார்த்தை பேசலைங்க. ஒரு மணி நேரம் தலையைக் குனிஞ்சுக்கிட்டே நின்னுச்சு. எவ்வளவு கத்தினாலும் எம்பொண்ணுக்கு மரியாதை போகலைன்னு உள்ளுக்குள்ள ஒரு பெருமை எனக்கு. அப்புறம் நிமிர்ந்து என் மூஞ்சியை ஒரு பார்வை பார்த்துட்டு, பையை எடுத்துட்டுப் போயிருச்சு. சரின்னு சொல்றதா இருந்தா வா, இல்லைன்னா இந்தப் படி ஏறாதேன்னு பின்னாடியே கத்தினேன்.

நான் வேற என்னங்க பண்ணுவேன்? துண்டுக்குள்ள கை குடுத்தாச்சே. மாத்திப் பேசினா அடுத்த வியாழக்கிழமை எவன் என் கையைத் தொடுவான்? எனக்கு நிலமா இருக்குது, கடையா இருக்குது? இந்தக் கை ஒண்ணுதானே.

இப்ப இந்தப் படத்தைப் பிரிச்சுக் காட்டறேன், பாருங்க. பேப்பரைக் கிழிக்க வேண்டாம், மடிச்சுக்கலாம். பேசினபடி போன வாரம் அந்தப் பொண்ணு சட்டம் போட்டுக் கொண்டாந்து குடுத்துச்சு. நான் எடுத்ததுலயே இதுதாங்கய்யா நல்ல படம், காட்சியிலயும் இதைத்தான் நடுவுல வெச்சிருக்கேன்னுச்சு. ஐப்பசியில சுவத்துல மாட்டினப்ப இது இல்லை, காட்சிக்குன்னு தனியா எடுத்து வெச்சிருந்திருக்குது. வலது பக்கம் நான். எதிர்ல மீசை வெச்சிருக்கறவர்தான் வேலாயுதம். நடுவுல துண்டு. பின்னாடி சந்தை காலியாக் கெடக்குது, முளைக்குச்சியும் மிதிபட்ட சோளத்தட்டும்தான். காலைப் பார்த்தீங்களா? ஆமா, வெளியதான் இருக்குது. இறங்கிக் குடுத்தேன்னு சொன்னேனே.

அந்தப் போட்டோப் பொண்ணுக்கு நாங்க என்ன பேசினோம்னு தெரியாது. மாட்டு வியாபாரம்னு நெனச்சு எடுத்திருக்குது. காட்சிக்கு வர்றவன் அத்தனை பேரும் அப்படித்தான் நெனச்சுப் பார்த்துட்டுப் போயிருக்கான். கோகிலா எப்படியோ கேள்விப்பட்டுப் போயிருச்சு, அப்பா படம் மாட்டியிருக்கறாங்கன்னு.

முந்தாநாள் பாவாயி போனை என் கையில குடுத்தா. ஏழு மாசம் கழிச்சுப் பேசுது. அதுவே பேசுச்சு.

"அப்பா, படம் பார்த்தேனுங்க. ரொம்ப நேரம் பார்த்தேன். விக்கிறவங்க இருக்கறாங்க, வாங்கறவங்க இருக்கறாங்க. மாடு எங்கீங்கப்பா?"

நான் போனை இந்தக் காதுல இருந்து அந்தக் காதுக்கு மாத்தினேன்.

"வைகாசியில ஒரு மணி நேரம் உங்க காலைத்தான் பார்த்துட்டு நின்னேன். சைக்கிளுக்கு வந்துச்சு, காலேஜுக்கு வந்துச்சு, வேலாயுதம் மாமாவுக்குக்கூட வந்திருக்குது. அன்னிக்கு எனக்கு வரலீங்களேப்பா."

போனை வெச்சிருச்சு.

தலை குனிஞ்சு நின்னது மரியாதை இல்லீங்க. அம்மாகாரி சின்னதுலயே சொல்லிக் குடுத்திருக்கா. என் காலைப் பார்த்துட்டு நின்னிருக்குது.

இந்த ஆள் எதுக்கு இப்படி ஹாரன் அடிக்கறான். ஓட்டத் தெரியாதவனுக்கெல்லாம் பஸ்ஸைக் குடுத்தா இப்படித்தான். இது கருமத்தம்பட்டியா, தாண்டிருச்சுங்களா? நீலம்பூரே வந்தாச்சா? சரி.

வேலாயுதம் நேத்துச் சொல்லி விட்டார். தையில முகூர்த்தம், பத்திரிகை அடிக்கக் குடுக்கணும், வியாழக்கிழமைக்குள்ள பொண்ணைக் கூட்டியாந்து வீட்டுல வை, இல்லைன்னாச் சந்தையில நாலு பேரை வெச்சுப் பேச வேண்டியிருக்கும்னு. இன்னிக்குச் செவ்வாய். நாலு பேரை வெச்சுன்னா என்ன அர்த்தம்? என் கையைத் தொடாதேன்னு அர்த்தம்.

நான் என்ன சொல்றேன்னா, எல்லாத்துக்கும் காரணம் இந்தப் படம். அதை முதல்ல சுவத்துல இருந்து இறக்கணும். அதான் கிளம்பிட்டேன். ஹாஸ்டலுக்கெல்லாம் நான் போறதா இல்லை. பாவாயியும் போங்கன்னு ஒரு வார்த்தை சொல்லலை. காந்திபுரம் போறேன்னதும் சரிங்கன்னா. இந்தப் பையைக் கையில குடுத்தா. தூக்குப்போசியில ஒப்புட்டு, நீங்க போளின்னு சொல்லுவீங்களே அது, போட்டோக்காரப் பொண்ணுக்காம். அந்தப் பொண்ணு டீக்கே சக்கரை போடாது, அது எங்க ஒப்புட்டு திங்கப் போகுது. அடியில பார்த்தா கோகிலாவோட ஸ்வெட்டர் கெடக்குது. தப்பா வெச்சுட்டாளாட்ட இருக்குது. இன்னொண்ணு பாருங்க, இன்னிக்குப் பார்த்து என் ஷூவைக் கழுவி வெயில்ல காய வெச்சிருக்கா. ஏண்டின்னா, சாணி நாத்தமுங்க, செருப்புலயே போயிட்டு வாங்கன்னா. ஒரு நாளும் என் செருப்பைத் தொடாதவ. சில நேரத்துல அவளுக்கு எதை எப்பச் செய்யணும்னே தெரியறதில்லை.

ஏனுங்க, உங்களுக்கு ஒண்ணு தோணுதுங்களா? நான் வேலாயுதத்துக்கு வாக்குக் குடுத்தேன். சரி. மாத்திப் பேச மாட்டேன். சரி. ஆனா அந்த வழக்கம் ஒண்ணு சொன்னேனே உங்களுக்கு, சந்தை வாசல். ஏழு மாசமா எம்பொண்ணு வாசல்ல படுத்துக்கிட்டுத்தானே இருக்குது? மாடுன்னு சொல்லக் கூடாது, அது வேற கோவிச்சுக்கும். ஆனா வழக்கம்னா வழக்கம்தானே? ஏன்னு நானும் கேட்கக் கூடாது, அவரும் கேட்கக் கூடாது. கயிறை அவுத்துட்டு ஒரு டீயைக் குடிச்சுட்டுப் போயிரணும். வேலாயுதத்துக்கு இந்த வழக்கம் என்னைவிட நல்லாத் தெரியும். நாலு பேரை வெச்சுப் பேசட்டுமே. நாலு பேர் முன்னால நான் இதைத்தான் சொல்லுவேன். எழுப்பி இழுத்துட்டுப் போனா என்ன ஆகும்னு சந்தையிலயே நல்லாத் தெரிஞ்சவன் நான். வாய்க்கால் பாலத்துக்கிட்ட உட்கார்ந்திருந்தவன் நான்தானே.

சொன்னாப் புரிஞ்சுக்குவார். புரிஞ்சுக்கலைன்னா வேர்க்கடலை விக்கறது ஒண்ணும் கேவலம் இல்லை.

நான் ஒண்ணும் இறங்கிப் போகலைங்க. வழக்கத்தைச் சொல்றேன். அது வேற, இது வேற.

கண்டக்டர், ஹோப் காலேஜ் நிறுத்து. காந்திபுரம் டிக்கெட்தான், தெரியும். காந்திபுரம் டிக்கெட் எடுத்தவன் வழியில இறங்கக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துல இருக்குது? ஒப்புட்டு ஆறிப்போகும்யா, நிறுத்து. ஸ்வெட்டரைக் குடுத்துட்டு வந்துருவேன். காட்சி எங்க போகுது, சாயங்காலம் வரைக்கும் இருக்குமில்ல.

நீங்க ஒரு உதவி பண்ணுங்க. நான் இறங்கி அந்தப் பக்கம் வர்றேன், படத்தை ஜன்னல் வழியாக் குடுத்துருங்க. பார்த்து, மூலை எங்கயும் இடிச்சுராம. அதுகிட்டக் காட்டி ஒண்ணு கேட்கணும், இதுல மாடு எங்கேன்னு கேட்டியே, நல்லாப் பாரு, வெறுங்காலை மண்ணுல வெச்சுட்டு நிக்கறது யாரு, யாரு மாடுன்னு கேட்கணும்.

என்னங்க, நான் பேசிட்டே இருக்கேன், நீங்க குனிஞ்சு கீழயே பார்த்துட்டு இருக்கீங்க? அட, எங்க போச்சு என் வலது செருப்பு? உங்க சீட்டுக்கு அடியில கெடக்குதுங்களா? எப்பத்துல இருந்து அங்க கெடக்குது? அவிநாசியில இருந்தா?

அதை இப்படிக் கொஞ்சம் தள்ளி விடுங்க. சிரிக்காதீங்க.